வல்லை வெளியை விட்டுவிட்டுக் கட்டுக்குருந்தைக்குப் போங்கள்

கோப்பாய்ப் பக்கத்திலிருந்து 27 வயதுத் தம்பி ஒருவர் நாலு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், வேலை பார்க்கும் இடம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

போன வருடம் 2013ஆம் ஆண்டு டொயோட்டா 86 ஒன்றைச் செக்கன்ட் ஹான்டாக வாங்கியிருக்கிறார். கை கியர், பின்சில்லால் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார். கனடாவில் இருக்கும் அக்கா தந்த காசு பாதி, லீசிங் பாதி. கொழும்பு நண்பர்கள் சிலர் வருகிற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை களுத்துறைப் பக்கத்தில் இருக்கும் கட்டுக்குருந்தைக் கார்ப் பந்தய ஓடுபாதையில் 'ட்ராக் டே' ஒழுங்கு செய்கிறார்கள். போட்டி இல்லை, பரிசு இல்லை. அவரவர் காரில் இருபது நிமிடம் இருபது நிமிடமாக ஓடலாம். தம்பிக்கு இதுதான் முதல் தடவை. அதனால் இரவு பதினொரு மணிக்குப் பிறகு, வடமராட்சிக்குப் போகும் வீதியில் வெட்டவெளியாகக் கிடக்கும் வல்லை வெளிக்குப் போய்ப் பழகுகிறாராம். "மூன்று தரம் பின்பக்கம் வழுக்கியது, மூன்று தரமும் பிடித்துவிட்டேன். ஒருநாள் 140 வரை போனேன். ரோட்டிலேயே இவ்வளவு ஓடியவனுக்கு அங்கே என்ன பயம் ஐயா?" என்று எழுதியிருக்கிறார்.

கேள்விகள் நாலு. முழுக்காப்புறுதி இருக்கும்போது காருக்கு ஏதும் நடந்தால் கம்பனி தரும்தானே? மரணம் நேர்ந்தாலும் ஏற்பாட்டாளர் பொறுப்பில்லை என்று எழுதிய படிவத்தில் கையெழுத்து வைக்கலாமா? பின்சில்லுக் கார் சுழன்றுவிடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். நல்ல பிடிப்புள்ள ரயர் போட்டு, கார் வழுக்காமல் பிடிக்கும் எலெக்ட்ரோனிக் கட்டுப்பாட்டை நிறுத்தி ஓடினால் சரியா? கடைசிக் கேள்வி: கொழும்பில் ஒரு கலியாணம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். "நான் மேஜர், அம்மாவிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?"

தம்பி, போகவேண்டாம் என்று ஒரு பெரிய மனுசன் புத்தி சொல்லப் போகிறார் என்று நினைத்திருப்பீர்கள். போங்கள் என்றுதான் சொல்லப்போகிறேன். எனக்குச் சட்டம் தொழில். வாகன விபத்து வழக்குகள்தான் அதிகம். லண்டனில் படித்த காலத்தில் மூன்று நாட்கள் ஓடுபாதையில் கார் ஓட்டியும் இருக்கிறேன், அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். கட்டுக்குருந்தைக்குப் போங்கள். வல்லை வெளிக்கு மட்டும் இன்றிரவிலிருந்து போகாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது அந்த 140தான். அந்த வேகத்தில் ஒரு செக்கனுக்கு கார் 39 மீற்றர் போகும். மாடு ஒன்று நிற்பதைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அந்த 39 மீற்றர் முடிந்துவிடும். அதற்குப் பிறகு கார் நிற்க, நல்ல ரயர், காய்ந்த ரோட்டு என்றாலும் இன்னொரு 80, 90 மீற்றர் வேண்டும். உங்கள் ஹெட்லைட் அவ்வளவு தூரத்துக்குக் கறுப்பு மாட்டைக் காட்டுமா? 70இல் போயிருந்தால் பிரேக் பிடிக்கும் தூரம் அதில் காற்பங்கு. வேகம் இரட்டிக்கும்போது தூரம் நாலு மடங்காகிறது. நகருக்கு வெளியே கார்களுக்கான வேகக் கட்டுப்பாடு 70 என்று வைத்திருப்பது பொலிசுக்குத் தண்டப்பணம் சேர்க்க மட்டும் என்று நினைக்கவேண்டாம்.

அந்த வெளியில் காற்று எப்படி அடிக்கும் என்று வடமராட்சிக்குப் போய் வருகிற எல்லோருக்கும் தெரியும். இரவில் அங்கே லைட் இல்லாத சைக்கிளில் வேலை முடிந்து வீடு போகிறவர் இருப்பார். அவர்மேல் மோதி அவர் இறந்துவிட்டால் தண்டனைச் சட்டக் கோவையின் 298ஆம் பிரிவு: அசட்டையாலோ கவனக்குறைவாலோ மரணம் விளைவித்தல், ஐந்து வருடம் வரை சிறை. வழுக்கிய காரை மூன்று தரம் பிடித்தது திறமை என்று எழுதியிருக்கிறீர்கள். எதிரே யாரும் வராமலிருந்தது அதிர்ஷ்டம். நீதிமன்றத்தில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டச் சொன்னால் என்னால்கூட முடியாது.

ஓடுபாதையில் எதிரே வாகனம் வராது, மாடு வராது, ஒவ்வொரு வளைவிலும் கொடியோடு ஆள் நிற்பார். அதற்காகத்தான் போகச் சொல்கிறேன்.

முழுக்காப்புறுதி எதற்கு முழு?

'முழு' என்ற சொல்லை நம்பி என் அலுவலகத்தில் வந்து கண்கலங்கியவர்கள் பலர். உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து, பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் விதிவிலக்குகளை வாசியுங்கள். போட்டி ஓட்டம், வேகப் பரீட்சை, தாக்குப்பிடிப்புப் பரீட்சை போன்றவற்றுக்கு வாகனம் பயன்படும்போது ஏற்படும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்ற வகையில் ஒரு வரி இருக்கும். மோட்டார் காப்புறுதிப் பத்திரங்களில் பொதுவாகக் காணப்படும் வரி அது. "நாங்கள் போட்டி போடவில்லையே, சும்மா ஓடுகிறோம்" என்பது உங்கள் வாதம். வாதம் நல்லதுதான். ஆனால் கார் தடுப்பில் மோதிக் கிடக்கும்போது அந்த வாதத்தை வருடக்கணக்கில் நடத்தவேண்டியவர் நீங்கள், கம்பனி இல்லை. ஆகவே போவதற்கு முன்பே காப்புறுதிக் கம்பனிக்கு ஒரு கடிதம் எழுதி, இந்தத் திகதியில் இந்த இடத்தில் போட்டி இல்லாமல் ஓட்டப் போகிறேன், காப்பு உண்டா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் தம்பி போனில் "அதெல்லாம் பிரச்சினை இல்லை அண்ணை" என்று சொன்னதைக் கொண்டு எதுவும் செய்யமுடியாது. பதில் 'இல்லை' என்றே வரும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

லீசிங்கை நீங்கள் யோசிக்கவே இல்லை. கார் உங்கள் வாசலில் நின்றாலும் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருக்கிறது. கார் நொறுங்கினாலும் மாதத் தவணை நொறுங்காது. இல்லாத காருக்கு இன்னும் மூன்று வருடம் கட்டவேண்டி வரும். ஒப்பந்தத்தில் வாகனத்தை எதற்குப் பாவிக்கலாம், எதற்குக் கூடாது என்று ஒரு பந்தி இருக்கும், அதையும் தேடி வாசியுங்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். இந்த மாதிரிக் காருக்கு ஒரு முன்பம்பரும் ரேடியேற்றரும் தேடி அலைந்தவர்களைக் கேட்டால் என்ன செலவு என்று சொல்வார்கள். எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான்: இந்தக் கார் திரும்பி வராவிட்டால் தவணையைக் கட்டி, அக்காவின் முகத்தையும் பார்க்க உங்களால் முடியுமா? முடியாது என்றால் முதல் நாள் அரைவாசி வேகத்தில் ஓடுங்கள், அல்லது வேறு வழியில் பழகுங்கள். அந்த வழியைக் கீழே சொல்கிறேன்.

இனி உங்கள் நண்பரின் ஐடியா. மோதினால் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்க் காலி வீதியில் விட்டு, அங்கே நடந்தது என்று சொல்லலாமாம். தம்பி, அது மோசடி. காப்புறுதி ஒப்பந்தம் இரு தரப்பும் உண்மையை மறைக்காமல் சொல்வதில்தான் நிற்கிறது. பொய்க் கோரிக்கை கொடுத்தால் காசு போவதோடு நிற்காது, ஏமாற்றுதல் என்ற குற்றச்சாட்டும் வரும். வங்கி, காப்புறுதி, அரச வேலை எதற்கும் அந்தக் கறை தடையாக நிற்கும். அதோடு அன்றைக்கு அங்கே இருக்கும் முப்பது பேரும் போனில் வீடியோ எடுப்பார்கள். நீங்கள் காலி வீதிக்குப் போய்ச் சேருமுன் உங்கள் மோதல் வாட்ஸ்அப்பில் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்துவிடும்.

கையெழுத்து வைக்கும் தாள்

படிவத்தின் படத்தை அனுப்பியது நல்லது. இரண்டு பக்கம், ஆங்கிலத்தில் மட்டும். முதலாவது பந்தி: எந்தக் காரணத்தால் என்ன நடந்தாலும், மரணம் உட்பட, ஏற்பாட்டாளர் பொறுப்பில்லை. இதை வாசித்துவிட்டு நீங்கள் "அப்ப எங்களுக்கு ஒரு உரிமையும் இல்லையா" என்று கேட்கிறீர்கள். உங்கள் நண்பர் "இதெல்லாம் செல்லாது, கண்ணை மூடிக்கொண்டு போடு" என்கிறார். இரண்டு பேரும் பிழை.

1997ஆம் ஆண்டு 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் என்று ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. ஒருவர் தன் கவனக்குறைவால் இன்னொருவருக்கு மரணமோ உடற்காயமோ நேர்ந்தால், அந்தப் பொறுப்பை ஒரு ஒப்பந்த வாசகத்தால் கழுவிவிட முடியாது என்பது அதன் சாரம். வளைவில் எண்ணெய் கொட்டிக் கிடப்பதைத் தெரிந்துகொண்டே ஏற்பாட்டாளர் ஓடவிட்டால், அந்தத் தாளைக் காட்டித் தப்பமுடியாது. ஆனால் நீங்களே வேகமாகப் போய், நீங்களே பிழை விட்டு, நீங்களே மோதினால் அதில் அவருடைய கவனக்குறைவு எங்கே? ஆபத்தைத் தெரிந்து தானாக ஏற்றுக்கொண்டவர் பிறகு முறையிட முடியாது என்ற கொள்கை நமது ரோமன் டச்சுச் சட்டத்திலும் உண்டு. ஆக, அந்தத் தாள் பாதிக்குச் செல்லாது, பாதிக்குச் செல்லும்.

இதைவிட எனக்கு இரண்டாம் பக்கத்தின் ஐந்தாம் பந்திதான் முக்கியமாகப் பட்டது. தடுப்பு, வேலி போன்றவற்றுக்கு வரும் சேதத்தை ஓட்டுனர் கட்டவேண்டும் என்று அதில் இருக்கிறது. உச்சத் தொகை எழுதவில்லை. கையெழுத்துக்கு முன் அந்தத் தொகையைக் கேட்டு எழுதுவியுங்கள். இன்னொருவர் உங்கள் காரில் மோதினால் யார் கட்டுவது என்றும் படிவத்தில் ஒன்றுமில்லை. இப்படியான நாட்களில் அவரவர் சேதத்தை அவரவர் பார்த்துக்கொள்வதுதான் வழக்கம், ஆனால் வழக்கத்தை நம்பாமல் கேளுங்கள். அம்புலன்ஸ் ஓடுபாதையிலேயே நிற்குமா என்பதும் கேட்கவேண்டியது. "1990 இலவச அம்புலன்ஸ் நம்பருக்கு அடித்தால் வந்துவிடும்" என்று பதில் வந்தால் நான் பதிவுக் காசைத் திருப்பிக் கேட்பேன். அந்தச் சேவை அருமையானது, ஆனால் அது பக்கத்து ஊரிலிருந்து வரவேண்டும்.

பின்சில்லும் உங்கள் வலது காலும்

பின்சில்லுக் கார் என்றாலே சுழன்றுவிடும் என்பது பாதிக் கதை. நம்மூரில் ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் ஓடிய காலத்தில் பெரும்பாலும் பின்சில்லுதான். மண்ணெண்ணெயில் இழுத்து இழுத்து ஓட்டிய காலத்திலும் அவை பாட்டுக்கு ஓடின. டொல்பின் வானும் பின்சில்லு, ஓட்டோவும் பின்சில்லு. வித்தியாசம், உங்கள் காருக்கு இருநூறு குதிரைவலு இருக்கிறது, உங்களுக்கு 27 வயது.

சைக்கிள் கரியரில் ஒரு வாளி தண்ணீரை வைத்துக் கொண்டு போயிருக்கிறீர்களா? பிரேக் பிடித்தால் தண்ணீர் முன்னுக்கு வரும், மிதித்தால் பின்னுக்குப் போகும். காரின் பாரமும் அப்படித்தான் அலைகிறது. பாரம் இருக்கும் சில்லுக்குப் பிடிப்பு இருக்கும். வளைவுக்குள் போய்விட்ட பிறகு வேகம் கூடிவிட்டது என்று பயந்து அக்சிலேற்றரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் பாரம் முன்னுக்கு ஓடும், பின்சில்லு இலேசாகும், பின்பக்கம் வெளியே வரும். புதிதாக வருகிறவர் காரைச் சுழற்றுவது பெரும்பாலும் இப்படித்தான், மிதித்து இல்லை.

எனக்கும் அதுதான் நடந்தது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிரான்ட்ஸ் ஹட்ச் என்ற ஓடுபாதை. அதன் முதல் வளைவு வலப்பக்கம் திரும்பிக்கொண்டே பள்ளத்தில் இறங்கும். நண்பனின் சின்ன மஸ்டா. பக்கத்தில் பயிற்றுநர் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மூன்றாவது சுற்றில், பள்ளம் தெரிந்தவுடன் என் வலது கால் தானாக மேலே வந்துவிட்டது. நான் எடுக்கவில்லை, அதுவாக வந்தது. அடுத்த கணம் நான் வந்த பாதை கண்ணாடிக்கு முன்னால் தெரிந்தது. புல்லில் பின்பக்கமாக நின்றோம். எஞ்சின் அணைந்துவிட்டது, வெட்டிய புல்லின் மணம் காருக்குள் வந்தது. பயிற்றுநர் கொட்டாவி விடாத குறையாக, "இப்போது தெரிகிறதா, பிரேக்கைக் காரை நேராக வைத்திருக்கும்போதே பிடித்து முடித்துவிட வேண்டும்" என்றார். பிரேக் முதலில், பிறகு திருப்பம், பிறகு மெல்லிய அக்சிலேற்றர். மூன்றையும் ஒன்றோடொன்று கலக்காமல் செய்தால் முதல் நாளைக்குப் போதும். எவ்வளவு மெல்லிது என்றால், காலுக்கும் பெடலுக்கும் இடையில் ஒரு முட்டை இருக்கிற மாதிரி.

வழுக்கத் தொடங்கினால் கண் போகவேண்டிய இடத்தைப் பார்க்கட்டும், கை தன்பாட்டில் அந்தப் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பும். தடுப்பைப் பார்த்தால் தடுப்புக்குத்தான் போவீர்கள். பிடிக்கமுடியாது என்று தெரிந்துவிட்டால் வீரம் காட்டவேண்டாம்: கிளச், பிரேக் இரண்டையும் ஒரேயடியாக அடிவரை மிதித்துப் பிடியுங்கள். கார் எந்தப் பக்கம் போகும் என்று பின்னால் வருகிறவர் ஊகிக்கக்கூடியதாக இருக்கும்.

எலெக்ட்ரோனிக் கட்டுப்பாட்டை நிறுத்தவேண்டாம். அதன் விளக்கு டாஷ்போர்டில் மினுங்கினால் அது உங்களைத் திட்டுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க ஒரு தரமும் மினுங்காமல் ஓடிக் காட்டுவது, அதை நிறுத்திவிட்டு ஓடுவதைவிடக் கஷ்டமானது. ரயரிலும் உங்கள் எண்ணம் தலைகீழ். இந்தக் காரோடு டொயோட்டா சில மாதிரிகளுக்குக் கொடுத்த ரயர், பிரியஸ் ஒன்றுக்கும் கொடுத்த அதே மிச்லின் ரயர். கஞ்சத்தனம் என்று கேலி செய்தார்கள். ஆனால் பிடிப்புக் குறைந்த ரயர் குறைந்த வேகத்திலேயே கீச்சிட்டு முன்கூட்டிச் சொல்லும். ஒட்டிப் பிடிக்கிற ரயர் கடைசிவரை வாயே திறக்காது, விடும்போது ஒரேயடியாக விடும், அப்போது வேகமும் கூட. பழகும் நாளில் வாய் திறக்கிற ரயர்தான் வேண்டும். காசைப் பயிற்றுநர் ஒருவருக்குக் கொடுங்கள். பக்கத்து இருக்கையில் அவர் இருக்கட்டும், நண்பன் வேண்டாம். நண்பன் ஏறினால் எல்லோருக்கும் வேகம் கூடிவிடும், எனக்கும் கூடியது.

ஆசையை அடக்க முடியாது, காரையும் இழக்க முடியாது என்றால் நான் சொன்ன மற்ற வழி இது. பலாலியில் விமானம் ஏறினால் சென்னை. அங்கே இருங்காட்டுக்கோட்டையில் 1990இலிருந்து 3.7 கிலோமீற்றர் ஓடுபாதை இருக்கிறது. கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, 2.1 கிலோமீற்றர். பயிற்சிப் பள்ளிகள் அவர்களுடைய காரையே தந்து, தமிழிலேயே சொல்லித்தருவார்கள். விமானக் காசும் கட்டணமும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் முன்பம்பரைவிட மலிவாக முடியலாம். பழகிவிட்டு வந்து உங்கள் காரில் ஓடுங்கள்.

கார்

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், பிரேக் ஒயில். கராஜில் மூடியைத் திறந்து பாருங்கள். பிளேன்ரீ நிறத்தில் இருந்தால் அது பழசு, ஈரம் குடித்துவிட்டது. புதிய 'டொட் 4' வகை ஒயில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 155க்கு இறங்கிவிடும். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் பெடல் பஞ்சு மிதித்த மாதிரிக் கீழே போகும். வீதியில் ஒருநாளும் வராத சூடு ஓடுபாதையில் ஐந்தாவது சுற்றில் வந்துவிடும். ஒயிலை மாற்றுங்கள், பிரேக் பாட் தடிப்பைப் பாருங்கள். ஓடி முடிந்ததும் கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓடிக் காற்றில் ஆறவிடுங்கள். நிறுத்தியபிறகு ஹான்ட்பிரேக் இழுக்கவேண்டாம், கியரில் விட்டுச் சில்லுக்கு ஒரு கல்லை வையுங்கள்.

ரயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018இன் 23ஆம் வாரம். மிகப் பழசு என்றால் பூ இருந்தாலும் மாற்றுங்கள். சில்லு நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச்சால் பார்க்கவேண்டும், காலையிலும் மத்தியானமும். காருக்குள் தளர்வாக ஒன்றும் இருக்கக்கூடாது. தண்ணீர்ப் போத்தல் உருண்டு பிரேக் பெடலுக்குக் கீழே போன வழக்கு ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். டாஷ்போர்டில் இருக்கும் பிள்ளையாரையும் கழற்றிச் சட்டைப் பையில் வையுங்கள், அவர் கோபிக்க மாட்டார்.

இருபது நிமிடம் தந்தால் பதினைந்தில் வெளியே வாருங்கள். பின்னேரக் கடைசி ஓட்டத்துக்குப் போகவே வேண்டாம். களைத்த உடம்பு, காலையைவிடக் கூடின துணிச்சல், இரண்டும் அந்த நேரத்தில்தான் ஒன்றாகச் சேரும்.

போவதும் வருவதும்

கோப்பாயிலிருந்து கட்டுக்குருந்தைக்குக் கிட்டத்தட்ட 440 கிலோமீற்றர். சனி இரவு புறப்பட்டு, விடிய ஓடி, ஞாயிறு இரவே திரும்பி, திங்கள் வேலைக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் திட்டத்தில் ஆகப் பெரிய ஆபத்து இதுதான். நாள் முழுக்க வெயிலில் ஓடி, காதுக்குள் எஞ்சின் சத்தம் ஓயாமல், கண் எல்லாவற்றையும் மெதுவாகப் பார்க்கப் பழகியிருக்கும். வவுனியா தாண்டி ஏ9இல் இரவு இரண்டு மணிக்கு 110 ஓடுவது 60 மாதிரித் தெரியும். மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் வீதியில் படுத்திருக்கும் மாட்டுக்கு நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்று தெரியாது. வெள்ளி பின்னேரம் போய்க் களுத்துறையில் தங்குங்கள். திங்கள் லீவு போடுங்கள். விடிந்தபிறகு புறப்பட்டு, முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு பகலோடு பகலாக வாருங்கள்.

அம்மா

சட்டம் ஒன்றும் இல்லை. நீங்கள் மேஜர்தான். ஆனால் படிவத்தின் கடைசியில் 'அவசரத்தில் அறிவிக்கவேண்டியவர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தில் அதை நிரப்பியிருக்கிறீர்கள். பக்கத்துக் காரில் ஓடப்போகும் நண்பரின் நம்பர். அவருக்கும் அன்றைக்கு ஹெல்மெட்டுக்குள்தான் தலை. ஏதும் நடந்தால் களுத்துறை வைத்தியசாலையிலிருந்து யாரோ தெரியாத ஒருவர் கோப்பாய்க்குப் போன் எடுத்து, கலியாண வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் உங்கள் அம்மாவுக்கு ஓடுபாதை என்றால் என்ன என்பதிலிருந்து விளக்கவேண்டி வரும். அந்தக் கட்டத்தில் அம்மாவின் நம்பரை எழுத முடியவில்லை என்றால் கையெழுத்தும் வைக்கவேண்டாம்.

சித்தப்பா மோட்டார் சைக்கிளில் காலை இழந்தபிறகு அம்மாவுக்கு வாகனம் என்றாலே நடுக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். சித்தப்பாவுக்கு அது நடந்தது பொது வீதியில், எதிரே வந்த லொறியால். எதிரே எதுவும் வராத இடத்துக்குப் போகிறேன், பக்கத்தில் சொல்லித்தருபவர் இருப்பார், அம்புலன்ஸ் நிற்கும், இரவில் ஓடமாட்டேன் என்று சொல்லுங்கள். வல்லை வெளியையும் சொல்லிவிடுங்கள். திட்டுவார். திட்டட்டும்.

பார்க்க வருகிறேன் என்று அவர் சொன்னால் கூட்டிக்கொண்டு போங்கள். மடக்குக் கதிரை, தொப்பி, தண்ணீர். ஆனால் எங்கே இருப்பது என்று நீங்கள் முதலில் போய்ப் பாருங்கள். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவையில் ஃபொக்ஸ் ஹில் கார்ப் பந்தயத்தில் பாதையை விட்டு விலகிய கார் ஒன்று பார்க்க வந்தவர்களுக்குள் புகுந்தது. ஒரு சிறுமி உட்பட 7 பேர் இறந்தார்கள். ஆகவே வளைவின் வெளிப்பக்கத்தில் வேண்டாம், கயிறு கட்டிய இடத்திலும் வேண்டாம். கொங்கிறீற் தடுப்புக்குப் பின்னால், நேர்ப்பாதைப் பக்கமாக, நிழல் இருந்தால் நல்லது. நண்பர்கள் வீடியோ எடுக்கிறோம் என்று அவரை முன்னுக்கு அழைத்தால் அங்கேயே இருக்கச் சொல்லுங்கள்.